சுவருக்குள் ஓடும் அமானிதம்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்றும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்தார்கள் என்றும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. முத்து என்பது அரபு நாட்டு முகத்தலளவை. நடுத்தர உடலமைப்புள்ள ஒருவர் தம் இரு கைகளையும் சேர்த்துக் குவித்தால் கொள்ளும் அளவே ஒரு முத்து. நான்கு முத்து சேர்ந்தால் ஒரு ஸாஉ. இன்றைய கணக்கில் ஒரு முத்து என்பது முக்கால் லிட்டருக்குச் சற்று முன்பின். ஹனஃபி மத்ஹபின் கணக்கில் அது இன்னும் சிறிது கூடும்.

இந்த ஹதீஸை நம்மில் பலர் மதரஸாவில் ஓதும் வயதிலேயே கேட்டிருக்கின்றோம். ஜும்ஆ மேடைகளிலும் அடிக்கடி கேட்கின்றோம். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து குழாயைத் திறக்கின்றோம். ஒரு லிட்டருக்குள் உளூ முடிகிறதா என்றால், இல்லை. இதற்கு நம் ஈமானின் குறைவையே காரணமாகச் சொல்வது வழக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் காரணத்தில் ஒரு பெரும்பகுதி நம் உள்ளத்தில் இல்லை, சுவருக்குள் இருக்கிறது. குழாயின் அகலம், திருகியின் வகை, தொட்டியின் கொள்ளளவு, வெந்நீர்க் கலன் இருக்கும் இடம் ஆகியவற்றைக் கொத்தனாரும் பிளம்பரும் ஒரு வாரத்தில் முடிவு செய்துவிடுகின்றனர். அதன் மேல் பூச்சு பூசப்பட்டபின், அந்த வீட்டில் முப்பது ஆண்டுகளுக்குச் செய்யப்படும் ஒவ்வோர் உளூவும் அந்த முடிவுக்குக் கட்டுப்பட்டே நடக்கிறது. இஸ்ராஃப் என்று நாம் அஞ்சும் வீண்விரயம் பல வீடுகளில் செங்கல்லோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கிறது.

சென்னையின் தென்புறநகரில் உள்ள எங்கள் வீட்டின் இரும்புக் குழாய்கள் துருப்பிடித்து முற்றிலும் மாற்றவேண்டிய நிலை வந்தபோதுதான் இதனை ஊன்றி எண்ணும் வாய்ப்புக் கிட்டியது. எதையும் உடைப்பதற்கு முன் முதலில் அளந்தோம். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு நீர் மீட்டரைப் பொருத்தினோம். ஐந்து பேர் வாழும் வீட்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 900 லிட்டர் இறங்கியது. தலைக்கு 180 லிட்டர். பாதாளச் சாக்கடை வசதியுள்ள இந்திய நகரங்களுக்கு மத்திய அரசின் வழிகாட்டு நூல்கள் வகுத்துள்ள அளவு தலைக்கு 135 லிட்டர்.

பிறகு கைகழுவும் தொட்டியின் கீழ் ஒரு வாளியை வைத்து உளூவையும் அளந்தோம். வழக்கமான திறப்பில், வழக்கமான நிதானத்தில் ஓர் உளூவுக்கு வாளியில் சேர்ந்தது ஏழு லிட்டர். அதாவது ஒன்பது முத்துக்கும் மேல். நபியவர்கள் முழுக் குளிப்புக்குப் பயன்படுத்திய நீரைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு, இந்தக் குழாயில் ஒரே ஓர் உளூவுக்குச் செல்கிறது. ஐந்து பேர், ஐந்து வேளை, 25 உளூ. நாளொன்றுக்கு 175 லிட்டர்.

இந்த எண்ணைக் கேட்டு மிகவும் கலங்கியவர் என் உம்மா. அவர் இராமநாதபுரம் கடற்கரையோர ஊரொன்றில் பிறந்தவர். அங்கே கிணற்று நீர் உவர்ப்பு. மணலில் ஊற்றுத் தோண்டி, அதில் சுரக்கும் நல்ல தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தில் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்ந்தவர். ஒரு செம்புத் தண்ணீரில் உளூவை முடித்து, மீந்ததை முருங்கையின் அடியில் ஊற்றும் பழக்கம் அவருடையது. அப்படிப்பட்டவர்தான் எழுபத்து நான்கு வயதில், குழாயைத் திறந்துவைத்து, கால் கழுவி முடிக்கும் வரை மூடாமல் உளூச் செய்துகொண்டிருந்தார்.

அதற்குக் காரணம் அவருடைய கவனக்குறைவு அன்று. மூட்டுவலியால் அவரால் குந்தி அமரவோ குனிந்து செம்பைக் கையாளவோ இயலாது. நின்றபடி குழாயில்தான் செய்யவேண்டும். அந்தக் குழாயோ பழைய திருகு வகை. உள்ளே வாஷர் தேய்ந்திருந்ததால் இறுக்கித் திருகினாலன்றி நிற்காது. விரல் மூட்டுகள் வீங்கிய ஒருவர் ஓர் உளூவுக்குள் ஏழெட்டு முறை அதைத் திறந்து மூடுவது எப்படி? “யாரும் என்னை ஒண்ணும் சொல்லல. ஆனா அல்லாஹ் கேப்பானே, வாப்பா” என்றார் அவர்.

குழாயை விட்டுவிட்டுச் செம்புக்குத் திரும்புங்கள் என்று நம் மேடைகளில் சொல்லப்படும் அறிவுரை நல்ல அறிவுரைதான். குந்தி அமர முடிந்தவர்கள் அதனைத் தாராளமாகப் பின்பற்றலாம். முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நோயுற்றவர்களுக்கும் அது விடையாகாது. அவர்களுக்கு விடை தர வேண்டியது குழாய். ஒரு மூதாட்டியை இஸ்ராஃபின் அச்சத்திலிருந்து விடுவிக்க ஒரு நல்ல திருகி போதும் என்றால், அதனைப் பொருத்துவது வீட்டுப் பராமரிப்பு மட்டுமன்று. பெற்றோருக்குச் செய்யும் பணிவிடையும் ஆகும்.

அவருக்காக நாங்கள் தேர்ந்தது, நீண்ட கைப்பிடி கொண்ட கால் சுற்றுக் குழாய். மருத்துவர்கள் முழங்கையால் தள்ளித் திறப்பார்களே, அந்த வகை. மணிக்கட்டால் தள்ளினால் திறக்கும், தட்டினால் மூடும். அதன் வாயில் நீரோடு காற்றைக் கலந்து தரும் ஏரேட்டர் எனும் சிறு வலை வில்லையைத் திருகினோம். முன்பு முழுத் திறப்பில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் கொட்டிய இடத்தில் இப்போது மூன்று லிட்டர் வருகிறது. காற்று கலந்திருப்பதால் கையில் விழும்போது குறைவாகத் தோன்றுவதில்லை. பக்கத்தில் கால் கழுவுவதற்கு ஏற்ற உயரத்தில் ஒரு சிறு திண்ணையும், அமர்வதற்கு ஒரு கல்லிருக்கையும் கட்டினோம். இப்போது அவருடைய உளூ இரண்டு லிட்டருக்குள் முடிகிறது. ஒரு முத்தை நாங்கள் இன்னும் எட்டவில்லை. ஆயினும் ஏழிலிருந்து இரண்டுக்கு வந்துள்ளோம், அல்ஹம்துலில்லாஹ்.

ஏரேட்டரைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்லவேண்டும். மாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள தளத்தில் நீரின் அழுத்தம் குறைவாக இருக்கும். அங்கே நுரை வகை சரியாக வேலை செய்யாது. பூவாளி போலத் தூவும் வகையைக் கேட்டு வாங்கவேண்டும். அடுத்து, ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்புக் கூடுதலாக இருந்தால் வலையில் சுண்ணப் படிவு சேரும். மாதம் ஒருமுறை கழற்றி எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்துக் கழுவினால் போதும். இதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றியபோது, பெங்களூருவின் குடிநீர் வாரியம் அடுக்ககங்கள், வணிக வளாகங்கள், வழிபாட்டுத் தலங்கள் முதலியவற்றில் இந்தச் சிறு வில்லையைத்தான் கட்டாயமாக்கியது.

இவ்வளவு குறைந்த நீரில் உளூ நிறைவேறுமா என்ற ஐயம் உம்மாவுக்கு எழுந்தது. மஹல்லா இமாம் அவர்களிடம் கேட்டோம். கழுவவேண்டிய உறுப்பின் மீது நீர் ஓடவேண்டும், வெறுமனே தடவுவதாக இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை என்று விளக்கினார்கள். மும்முறைக்கு மேல் கழுவுவது வரம்பு மீறல் என்பதையும் நினைவூட்டினார்கள். கூடவே ஜாபிர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியையும் சொன்னார்கள். குளிப்புக்கு ஒரு ஸாஉ போதும் என்று ஜாபிர் அவர்கள் கூற, ஒருவர் தமக்கு அது போதாது என்றார். உம்மைவிட அடர்ந்த முடி கொண்டவரும் உம்மைவிடச் சிறந்தவருமான ஒருவருக்கு அது போதுமானதாக இருந்தது என்று ஜாபிர் அவர்கள் மறுமொழி கூறினார்கள். இதுவும் புகாரியில் உள்ள செய்தியே. ஓடும் ஆற்றின் கரையிலும் உளூவில் விரயம் கூடாது என்று பரவலாகச் சொல்லப்படும் இப்னு மாஜாவின் அறிவிப்பைப் பொறுத்தவரை, அதன் அறிவிப்பாளர் தொடரில் குறை உண்டு என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் கூறியுள்ளனர். எனினும் அனஸ், ஜாபிர் (ரலி) ஆகியோரின் அறிவிப்புகளே நமக்குப் போதுமான அளவுகோலாகும்.

வீட்டில் நீர் வீணாகும் அடுத்த இடம், எவரும் பேசத் தயங்கும் கழிவறை. பழைய தொட்டிகள் ஒரு முறை இழுத்தால் பத்து லிட்டருக்குக் குறையாமல் கொட்டும். இரட்டைப் பொத்தான் கொண்ட தொட்டியில் சிறுநீருக்கு மூன்று லிட்டரும் மலத்துக்கு ஆறு லிட்டரும் போதும். எங்கள் ஐவர் கணக்கில் நாளொன்றுக்கு 250 லிட்டராக இருந்தது, 90 லிட்டராகக் குறைந்தது. அன்றியும், அந்தப் பழைய தொட்டி உள்ளுக்குள் சத்தமின்றிக் கசிந்துகொண்டும் இருந்தது. இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. பிரியாணிக்குப் போடும் கேசரிப் பவுடரை ஒரு சிட்டிகை எடுத்துத் தொட்டியில் கரைத்துவிட்டு அரை மணி நேரம் இழுக்காமல் விடுங்கள். கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால் அடைப்பான் கசிகிறது என்று பொருள். குழாய் நொடிக்கு ஒரு சொட்டு வீதம் சொட்டினாலே நாளொன்றுக்கு 17 முதல் 20 லிட்டர் வரை போய்விடும். அது ஒரு வாளித் தண்ணீர். முத்தின் கணக்கில் இருபத்து மூன்று உளூவுக்குக் குறையாது.

இஸ்தின்ஜாவுக்குப் பயன்படும் ஹெல்த் ஃபாசெட்டைப் பற்றியும் ஒரு சொல். அதன் நெளிகுழாய் எப்போதும் அழுத்தத்தைத் தாங்குவதற்கு ஏற்றதன்று. குடும்பத்தோடு ஊருக்குச் சென்றிருக்கும் வேளையில் அது வெடித்தால் மாடித் தொட்டி முழுவதும் வடிந்துபோகும். வெளியூர் செல்லுமுன் சுவரில் உள்ள ஆங்கிள் வால்வை மூடிவிடுவது நலம்.

தண்ணீரைச் சேமிப்பது மின்சாரத்தையும் சேமிப்பதே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் 60 மீட்டர் ஆழத்தில் உள்ளது. அங்கிருந்து மாடித் தொட்டிக்கு இன்னும் பத்து மீட்டர். ஆயிரம் லிட்டர் நீரை 70 மீட்டர் உயர்த்த, மோட்டாரின் இழப்புகளையும் சேர்த்தால் ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம் தேவை. நீர்மட்டம் கீழே போகப்போக இந்தச் செலவும் ஏறும். இதனுடன் தொட்டி நிரம்பி வழிவதையும் கூட்டிக்கொள்ளுங்கள். மோட்டாரைப் போட்டுவிட்டு ஜமாஅத்துக்குச் சென்று திரும்புவதற்குள் மாடியிலிருந்து அருவி கொட்டும் காட்சியை எல்லாத் தெருவிலும் காணலாம். தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது.

இறைக்கும் மின்சாரத்தைவிடச் சூடாக்கும் மின்சாரமே மிகுதி. இருபது லிட்டர் வாளி நீரை 27 பாகையிலிருந்து 42 பாகைக்குச் சூடாக்க மூன்றிலொரு பங்கு யூனிட்டுக்குச் சற்று மேலாகிறது. ஐவர் குளித்தால் நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் யூனிட். இதில் குழாயின் பங்கு என்ன? வெந்நீர்க் கலன் ஓரிடத்திலும் குளியலறை வேறிடத்திலும் இருந்தால், நடுவே உள்ள குழாயில் ஆறிக் கிடக்கும் நீர் முழுவதும் வடிந்த பிறகே சுடுநீர் வரும். 20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 0.3 லிட்டர் கொள்ளும். எங்கள் வீட்டில் அந்தத் தொலைவு 12 மீட்டர். ஆகவே ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு லிட்டர் குளிர்ந்த நீர் வீணே ஓடியது. குளித்து முடித்தபின் அதே அளவு சூடான நீர் குழாயிலேயே தங்கி ஆறியது. தண்ணீரும் போயிற்று, அதனைச் சூடாக்கிய மின்சாரமும் போயிற்று.

“ஒரு இன்ச் பைப்பே போட்டுருவோம் பாய், பிரஷர் நல்லா வரும்” என்றார் பிளம்பர். அவர் சொல்வது தொட்டியிலிருந்து இறங்கும் முதன்மைக் குழாய்க்குப் பொருந்தும். வெந்நீர்க் கிளைக்குப் பொருந்தாது. கலனைக் குளியலறைச் சுவரின் மறுபுறத்துக்கு மாற்றி, 15 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள மூன்று மீட்டர்க் குழாயோடு நிறுத்திக்கொண்டோம். இப்போது காத்திருக்கும் நீர் அரை லிட்டர்தான். அந்தக் குழாய்க்கு வெப்பக் காப்பு உறையும் போட்டோம். மாடியில் தெற்கு நோக்கி வெயில் தடையின்றி விழுமானால் சூரிய வெந்நீர்க் கலனும் சென்னைக்கு மிகப் பொருத்தமானது. அதற்கும் இதே விதிதான்: கலனுக்கும் குளியலறைக்கும் இடையே உள்ள தொலைவு குறைவாக இருக்கவேண்டும்.

அடுத்தது, வெளியேறும் நீர். சுவர் திறந்திருக்கும்போதே செய்யவேண்டிய ஏற்பாடு இது. பின்னால் செய்ய முனைந்தால் மீண்டும் உடைக்க நேரும். கழிவறைக்கு ஒரு குழாய், உளூச் செய்யும் தொட்டிக்கும் குளியலுக்கும் வேறொரு குழாய் எனப் பிரித்துவிட்டோம். உளூச் செய்து வடிந்த நீர் தூய்மையானதே என்பதும், ஆனால் அதைக் கொண்டு மீண்டும் உளூச் செய்ய இயலாது என்பதும் ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஹனஃபி மத்ஹபின் ஃபத்வாவும் அவ்வாறே. அந்த நீர் ஆடையில் தெறித்தாலும் தொழுகைக்குத் தடையில்லை. செடிக்கு ஊற்றத் தடையில்லை, கழிவறைத் தொட்டியில் நிரப்பத் தடையில்லை. நம் ஃபிக்ஹு நூல்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே நீரை இவ்வாறு தரம் பிரித்து வைத்திருக்க, நம் வீட்டுக் குழாய்கள் மட்டும் எல்லாவற்றையும் ஒரே சாக்கடையில் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. எங்கள் வீட்டில் உளூ நீர் இப்போது நேரே முருங்கைக்கும் வாழைக்கும் செல்கிறது. சோப்புக் கலந்த குளியல் நீர் கல்வாழைப் பாத்தி வழியாக மண்ணில் இறங்குகிறது.

குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் நீரும், ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரும் உளூவுக்கு ஆகுமா என்று சிலர் கேட்கின்றனர். இமாம் அவர்கள் தந்த விடை எளியது: கடல்நீரே தூய்மைப்படுத்தக்கூடியது என்று நபியவர்கள் கூறியிருக்கையில், உப்புச் சற்று மிகுந்த நீருக்கு என்ன தடை? இவை இரண்டும் அசுத்தம் கலவாத நீர்தான். எங்கள் வீட்டில் ஆர்.ஓ. நீர் தரை துடைக்கவும் பாத்திரம் அலசவும் பயன்படுகிறது.

இவ்வளவும் வீட்டின் நான்கு சுவர்களுக்குள் நடந்தவை. தண்ணீர் விஷயத்தில் நம் கடமை அந்தச் சுவர்களோடு முடிவதில்லை. எங்கள் மேற்குச் சுவரை ஒட்டி, பிற சமயத்தைச் சேர்ந்த ஒரு கைம்பெண் வாழ்கிறார். அவர் வீட்டில் இருப்பது முப்பதடி ஆழமுள்ள உறைக்கிணறு. வாளியும் கயிறும்தான் அவருடைய மோட்டார். தெருவில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகப்பெருக, ஒவ்வொரு கோடையிலும் முதலில் வற்றுவது அந்தக் கிணறே. ஆழமாகத் துளைக்கப் பணம் உள்ளவர்களின் வீட்டில் தண்ணீர் வரும். பணம் இல்லாதவர் குடத்தோடு லாரிக்காகக் காத்திருப்பார். 2019ஆம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டதைச் சென்னைவாசிகள் மறந்திருக்க முடியாது. அண்டைவீட்டாரின் உரிமையைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திய வேகத்தைக் கண்டு, அண்டைவீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று நபியவர்கள் எண்ணினார்கள் அல்லவா? நம் குழாயில் வீணாகும் ஏழு லிட்டர் எவருடைய வாளியிலிருந்து வருகிறது என்பது அந்தக் கோடையில் கண்ணுக்குத் தெரிந்தது.

மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். பல வீடுகளில் அது அனுமதி பெறுவதற்காகத் தோண்டி, பிறகு மண்மூடிப்போன ஒரு குழியாக மட்டுமே இருக்கிறது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நூறு சதுர மீட்டர் மாடியில் விழும் மழை 1,40,000 லிட்டர். ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலும் 1,12,000 லிட்டர். கூழாங்கல்லும் மணலும் இட்ட வடிகட்டியின் வழியாகத் திறந்த கிணற்றில் விடுவதே இதற்கு ஏற்ற முறை. எங்களிடம் திறந்த கிணறு இல்லை. அண்டைவீட்டில் இருந்தது. சுவருக்கு மேல் குழாயைக் கொண்டுசென்று அவருடைய கிணற்றில் விடலாமா என்று கேட்டோம். “தாராளமா விடுங்க தம்பி, பூமிக்குள்ள போயிட்டா உங்க தண்ணி எங்க தண்ணின்னு இருக்கா?” என்றார் அவர்.

அந்தச் சொல் நெடுநேரம் என் நெஞ்சில் நின்றது. தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்று நபியவர்கள் கற்பித்தார்கள். மதீனாவில் நல்ல தண்ணீர் விலைக்கு விற்கப்பட்ட காலத்தில் ரூமா கிணற்றை வாங்கி மக்களுக்காக அர்ப்பணித்தார்கள் உஸ்மான் (ரலி) அவர்கள். அத்தகைய கிணறு ஒன்றை வாங்கும் வசதி நமக்கு இல்லாதிருக்கலாம். நம் மாடியில் விழும் மழையை அடுத்தவர் கிணற்றுக்கு அனுப்ப ஒரு நான்கு அங்குலக் குழாய் போதும். அந்த வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தது. அடுத்த கோடையில், சித்திரை முடியும் வரை அவருடைய வாளி நீரில் மூழ்கியது.

எங்கள் மீட்டர் இப்போது நாளொன்றுக்கு 550 லிட்டர் என்று காட்டுகிறது, தலைக்கு 110. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,28,000 லிட்டர் மிச்சம். 12,000 லிட்டர் கொள்ளும் லாரிக் கணக்கில் பத்து லாரிக்கும் மேல். இறைக்கும் மின்சாரத்தில் மட்டும் ஆண்டுக்கு 70 யூனிட் குறைந்தது. வெந்நீரில் குறைந்தது தனி. இதற்காக வீட்டில் எவரும் தாகித்திருக்கவில்லை, குளிக்காமல் இருக்கவில்லை. எவரையும் எவரும் கண்டிக்கவும் இல்லை. “இப்பதான் மனசு லேசா இருக்கு” என்று உம்மா சொன்னதை நான் அந்த எண்களைவிட மேலாகக் கருதுகிறேன்.

வீட்டை உடைக்காமலேயே தொடங்க விரும்புவோர் இந்த வரிசையில் செய்யலாம். முதலில் வாளி வைத்து உளூவை அளவுங்கள். தேய்ந்த வாஷர்களை மாற்றுங்கள். ஏரேட்டரைப் பொருத்துங்கள். கேசரிப் பவுடரால் கழிவறைத் தொட்டியைச் சோதியுங்கள். முதியவர்கள் இருந்தால் அவர்கள் பயன்படுத்தும் குழாயின் கைப்பிடியை அவர்கள் கையைக் கொண்டே தேர்ந்தெடுங்கள். புதுவீடு கட்டுவோரும் பழுதுபார்ப்போரும், பூச்சு பூசுமுன் கழிவறை நீரையும் உளூ நீரையும் பிரிக்கும் குழாயை இடுங்கள். வெந்நீர்க் கலனின் இடத்தைக் கட்டட வரைபடத்திலேயே முடிவு செய்யுங்கள்.

பள்ளிவாசல்களின் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பழைய பள்ளிகளில் ஹவுள் இருந்தது. அதில் உளூச் செய்பவர் தேவையான அளவே கையால் அள்ளினார். எவரும் திறந்துவிட்டு மறந்துபோவதற்கு அங்கே குழாய் இல்லை. இடநெருக்கடியாலும் வசதி கருதியும் பல ஊர்களில் ஹவுள் போய்க் குழாய்வரிசை வந்துவிட்டது. வந்ததைக் குறைசொல்ல வேண்டியதில்லை. அந்த வரிசையில் ஏரேட்டரையும், அழுத்தினால் சிறிது நேரம் ஓடித் தானே நிற்கும் குழாயையும் பொருத்தலாம். வடியும் நீரைச் சாக்கடையில் விடாமல் வளாகத்துத் தென்னைக்கோ மையவாடியின் மரங்களுக்கோ திருப்பலாம். ஒரு வேளைக்கு நூறு பேர் உளூச் செய்யும் பள்ளியில், ஆளுக்கு ஐந்து லிட்டர் குறைந்தால் ஐந்து வேளைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 2,500 லிட்டர் மிச்சமாகும். பள்ளிக்கு விளக்கும் விரிப்பும் வாங்கித் தரும் நல்லுள்ளங்கள் இதனையும் நிலையான தர்மமாகக் கருதலாம்.

அல்லாஹ் வானிலிருந்து அளவோடு நீரை இறக்கி அதனைப் பூமியில் தங்கவைப்பதாகவும், அதனைப் போக்கிவிடவும் அவன் ஆற்றலுடையவன் என்றும் அல்முஃமினூன் அத்தியாயம் எச்சரிக்கிறது. அவன் அளந்து தருவதை நாம் அளவின்றிச் செலவிடுவது அமானிதத்துக்கு அழகன்று. அந்த அமானிதத்தைப் பேணும் அறிவையும், நம் பெற்றோரும் அண்டைவீட்டாரும் நம்மால் நலம்பெறும் வாழ்வையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.